மூன்றே ஆண்டு என்று தொடங்கிய குப்பைமேடு

ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு ஃபிரெஷ் கில்ஸ் என்ற பெயர் துப்பறியும் நாவலின் தலைப்புப் போல ஒலிக்கும். உண்மையில் அதில் கொலை எதுவும் இல்லை. டச்சு மொழியில் ‘கில்’ என்றால் ஓடை. பதினேழாம் நூற்றாண்டில் நியூயார்க் துறைமுகப் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்கள், ஸ்டேட்டன் தீவின் மேற்குக் கரையில் கண்ட ஓடைகளுக்கு வைத்த பெயர் அது. நன்னீர் ஓடைகள் என்று பொருள் கொள்ளலாம். பின்னாளில் அந்தப் பெயரைச் சொன்னாலே அமெரிக்கர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஓடைகள் பாய்ந்த இடம் உவர்ச் சதுப்பு. கடல் நாளுக்கு இருமுறை உள்ளே வந்து திரும்பிப் போகும். தரையும் அல்லாமல் தண்ணீரும் அல்லாமல் இடைப்பட்டுக் கிடக்கும் இத்தகைய நிலம் எப்படி இருக்கும் என்று பள்ளிக்கரணைக் கழுவெளியைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நண்டும் மீனும் அங்கே பெருகின. சுற்றுவட்டார விவசாயிகள் உவர்ப்புல்லை அறுத்துக் கால்நடைக்குப் போட்டார்கள். ஆனால் வீடு கட்ட முடியாத, ஏர் ஓட்ட முடியாத, வரி போட முடியாத நிலத்துக்கு நகரத்தின் கணக்குப் புத்தகத்தில் மதிப்பு ஏது? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறியாளர்களுக்குச் சதுப்பு என்றாலே கொசு. அதை மண்ணடித்து மேடாக்குவது ஊருக்குச் செய்யும் தொண்டு என்றே அவர்கள் மனதார நம்பினார்கள். மண்ணுக்குப் பதிலாகக் குப்பையை அடித்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

நியூயார்க்குக்குக் குப்பை புதிய தலைவலி அல்ல. நெடுங்காலம் அதைப் படகில் ஏற்றி நடுக்கடலில் தள்ளி வந்தார்கள். தள்ளியது அலையோடு திரும்பி வந்து பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் கடற்கரையில் ஒதுங்கியது. நியூ ஜெர்சி வழக்குப் போட்டது. 1931இல் உச்ச நீதிமன்றம் நியூயார்க்குக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1934இன் நடுவில் கடலில் கொட்டுவது நின்றது. நிலத்தில் கொட்டிய இடங்களும் பல. புரூக்ளின் வீடுகளின் அடுப்புக்கரிச் சாம்பல் குவீன்ஸ் பகுதியின் கொரோனா சதுப்பில் மலையாகக் குவிந்தது. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் வரும் சாம்பல் பள்ளத்தாக்கு இதுதான். இன்று சிறைச்சாலைக்குப் பேர்போன ரைக்கர்ஸ் தீவு, முன்பு நூறு ஏக்கருக்கும் குறைவாக இருந்தது. குப்பையையும் சாம்பலையும் கொட்டிக் கொட்டியே நானூறு ஏக்கருக்கு மேல் வளர்த்துவிட்டார்கள்.

ஸ்டேட்டன் தீவுக்காரர்கள் இதையெல்லாம் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஃபிரெஷ் கில்ஸ் ஓரத்தில் நகரத்தின் உணவுக் கழிவை வேகவைத்துக் கொழுப்பெடுக்கும் ஆலை ஒன்று வந்தது. நாற்றம் தாங்காமல் தீவு மொத்தமும் கொதித்தெழுந்தது. 1918இல் அந்த ஆலை மூடப்பட்டது. குப்பையை எதிர்த்து ஒருமுறை ஜெயித்த ஊர் அது. அடுத்த முறை வந்தவர் வேறு மாதிரியான ஆள்.

ராபர்ட் மோசஸ் எந்தத் தேர்தலிலும் ஜெயித்தவர் இல்லை. ஆனாலும் நாற்பது ஆண்டுக்கு மேல் நியூயார்க்கின் பாலங்களும் பூங்காக்களும் நெடுஞ்சாலைகளும் அவர் விரல் சுட்டிய இடத்தில்தான் எழுந்தன. கொரோனாவின் சாம்பல் மேட்டைச் சமன்படுத்தி 1939 உலகக் கண்காட்சியை அங்கே நடத்திக் காட்டியவர் அவர். கழிவுநிலத்தின் மீது பூங்கா என்ற வித்தை ஒருமுறை பலித்திருந்தது. ஃபிரெஷ் கில்ஸுக்கும் அதே கணக்கைப் போட்டார்: கொஞ்ச காலம் குப்பையை நிரப்புவோம், சதுப்பு திடலாகிவிடும், அதன் மேல் வீடும் தொழிலும் பூங்காவும் வரும், தீவின் மேற்குக் கரையோரம் ஒரு நெடுஞ்சாலையும் ஓடும். தீவின் நிர்வாகத் தலைவராக இருந்த கார்னீலியஸ் ஹாலும் சாலைக்கு ஆசைப்பட்டுத் தலையாட்டினார். எத்தனை காலம் என்று கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட பதில், சுமார் மூன்று ஆண்டு.

1948 ஏப்ரலில் முதல் குப்பைப் படகு வந்தது.

அந்தக் காலத்தில் இதைக் குப்பைமேடு என்று சொல்வதே தப்பு. ‘சானிட்டரி லேண்ட்ஃபில்’ என்பது மரியாதையான பெயர். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் 1937இல் ஜீன் வின்சென்ஸ் என்ற பொறியாளர் உருவாக்கிக் காட்டிய முறை அது. பள்ளம் வெட்டு, குப்பையைப் போடு, இயந்திரத்தால் அமுக்கு, அன்றன்றே மண் போட்டு மூடு. எலியும் ஈயும் நெருப்பும் இதனால் குறைந்தன என்பது உண்மை. திறந்தவெளியில் எரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மண்ணுக்கு மேலே இருப்பவர்களின் கண்ணையும் மூக்கையும் காப்பாற்றிய முறை, மண்ணுக்குக் கீழே என்ன நடக்கும் என்று அதிகம் யோசிக்கவில்லை. அந்த ஃபிரெஸ்னோ கிடங்கு 1987இல் மூடப்பட்டு, நச்சு இடங்களுக்கான நடுவண் அரசின் ‘சூப்பர்ஃபண்ட்’ பட்டியலில் ஏறியது. 2001இல் அதே இடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள். பத்திரிகைகள் சும்மா விடுமா? கேலி செய்தே தீர்த்தன. யோசித்துப் பார்த்தால் இரண்டு பட்டமும் அதற்குப் பொருத்தமானவையே.

மூன்று ஆண்டு போனது. பத்தாண்டும் போனது. மோசஸ் வாக்களித்தபடி எதுவும் மூடப்படவில்லை. 1950களின் நடுவிலேயே உலகின் மிகப் பெரிய குப்பைக் கிடங்கு என்ற பெயர் அதற்கு வந்துவிட்டது. இதில் தனி மனிதரின் சூழ்ச்சி பாதி, கணக்கின் போக்கு மீதி. ஓர் ஊரில் ஒரு கிடங்கு திறந்திருக்கும்வரை மற்ற வழிகள் எல்லாம் செலவு மிகுந்தவையாகவே தோன்றும். 1960களில் நியூயார்க்கில் மாநகராட்சியின் எரியூட்டிகளும், அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தளத்தில் ஆயிரக்கணக்கான சிறு எரியூட்டிகளும் இருந்தன. காற்று மாசு பற்றிய சட்டங்கள் வரவர அவை ஒவ்வொன்றாக அணைந்தன. எரியாத குப்பை எங்கே போகும்? புரூக்ளினின் இரண்டு பெரிய கிடங்குகள் 1985க்குள் மூடப்பட்டன. குவீன்ஸின் எட்ஜ்மியர் 1991இல் மூடப்பட்டது. அதற்குப் பின் மாநகரத்துக்கு மிஞ்சியது ஃபிரெஷ் கில்ஸ் ஒன்றுதான். ஐந்து பெருநகரப் பிரிவுகளில் மக்கள்தொகை மிகக் குறைந்தது ஸ்டேட்டன் தீவு. வாக்கு குறைந்த இடத்தில் குப்பை சேர்ந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

1986–87 உச்ச காலம். நாளொன்றுக்கு 29,000 டன் வந்து இறங்கியது. பிறகு குறைந்த காலத்திலும், ஒவ்வொன்றிலும் 650 டன் ஏற்றிய இருபது தட்டைப் படகுகள் தினமும் வந்தன. இழுவைப் படகு இழுத்து வரும், பாரந்தூக்கி அள்ளும், வண்டிகள் மேட்டின் உச்சிக்குக் கொண்டு போகும், புல்டோசர் தள்ளி அமுக்கும். கடற்காகங்கள் வானத்தை மறைக்கும். எலிகள் பெருகியதால் அவற்றை வேட்டையாடப் பருந்துகளையும் ஆந்தைகளையும் கொண்டுவந்து விட்டார்கள். 2,200 ஏக்கர் வளாகத்தில் பாதிக்கும் குறைவான நிலத்தில் எழுந்த நான்கு குன்றுகளில் மிக உயரமானது 225 அடியைத் தொட்டது. பீடத்தை விட்டுவிட்டு அளந்தால் சுதந்திர தேவி சிலை 151 அடிதான். மொத்தம் 15 கோடி டன் குப்பை. விண்வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்றுகூட ஊர்ப்பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சை நம்பாமலே அதன் அளவைப் புரிந்துகொள்ள முடியும்.

இவ்வளவுக்கும் அடியில் தடுப்பு விரிப்பு எதுவும் கிடையாது. சதுப்பின் களிமண்தான் பாய், அதுவே மெத்தை.

குப்பைக்குள் மழைநீர் இறங்கும்போது நடப்பது, வடிகட்டியில் காப்பி இறங்குவது போன்றதுதான். அழுகலின் அமிலம், அம்மோனியா, பேட்டரி உலோகம், வண்ணப்பூச்சு, கரைப்பான், எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கறுப்பாகக் கீழே வடிகிறது. நம் ஊர்ப் பொறியாளர்கள் இதைக் கசிவுநீர் என்பார்கள். ஃபிரெஷ் கில்ஸில் அதைத் தடுப்பதற்கு முன்பு நாளொன்றுக்குச் சுமார் பத்து லட்சம் கேலன், அதாவது ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர், ஓடைகளிலும் நிலத்தடியிலும் கலந்தது. குப்பைமேட்டுக்கு வயதாக ஆக இது தீர்ந்துபோகும் என்று நினைப்பதுதான் இயல்பு. ஆனால் மழை நிற்கும்வரை இதுவும் நிற்காது. இளம் மேட்டின் சாறு கடுமையானது. முதிர்ந்த மேட்டின் சாற்றில் கடுமை குறைந்தாலும் அம்மோனியா பல பத்தாண்டுகள் நீடிக்கும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. காற்றுப்புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் காகிதத்தையும் மரத்தையும் உணவையும் தின்று வாயுவை விடுகின்றன. அதில் ஏறக்குறைய பாதி மீத்தேன், பாதி கரியமில வாயு. மீத்தேன் தப்பிக்க வழி தேடும். மேலே மூடினால் பக்கவாட்டில் போகும். வீடுகளின் நிலவறையில் சேர்ந்தால் ஒரு பொறி போதும். ஆக, குப்பைமேட்டை மண் போட்டு மூடிவிட்டுக் கைகழுவுவது, மூடாமல் விடுவதைவிடச் சில நேரங்களில் மோசம்.

அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராட்ஜே என்ற தொல்லியலாளர், மாயர் நாகரிகத்தை ஆராய்ந்த கையோடு, அமெரிக்கர்களின் குப்பையையும் தோண்டிப் பார்த்தார். அவர் தோண்டிய கிடங்குகளில் ஃபிரெஷ் கில்ஸும் ஒன்று. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாள்களைத் தலைப்புச் செய்தியோடு படிக்க முடிந்தது. அடையாளம் தெரியும் நிலையில் இறைச்சித் துண்டுகளும் கிடைத்தன. எல்லாரும் பழி சொன்ன குழந்தை டயப்பர்களைவிடக் காகிதம்தான் கிடங்குகளில் அதிக இடத்தை அடைத்திருந்தது. மட்கிவிடும் என்று எல்லாரும் நம்பியிருந்த பொருள் மட்கவே இல்லை. இறுக அமுக்கி உலர வைத்தால் குப்பைமேடு எருக்குழியாக மாறாது. அது ஊறுகாய் ஜாடியாகத்தான் இருக்கும்.

குப்பைக்கு மாநில எல்லை தெரியாது என்பதை நியூ ஜெர்சி மறுபடியும் கண்டுகொண்டது. தண்ணீருக்கு அப்பால் இருந்த வுட்பிரிட்ஜ் ஊர், தன் கரையில் ஒதுங்கும் குப்பைக்காக 1979இல் நியூயார்க்கை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1987, 88 கோடைகளில் ஊசிகளும் மருத்துவக் கழிவும் கடற்கரைகளில் ஒதுங்கியபோது நீராட வந்தவர்கள் ஓடினார்கள். தேடிப்போன தடம் ஃபிரெஷ் கில்ஸைச் சுட்டியது. 1990இல் மாநிலச் சுற்றுச்சூழல் துறையோடு மாநகராட்சி உடன்படிக்கை செய்துகொண்டு, சாற்றைத் தடுக்கும் சுவர்களையும் அதைச் சுத்திகரிக்கும் ஆலையையும் கட்டத் தொடங்கியது.

சூழலியல் அறிக்கைகள் சாதிக்காததை வாக்குப்பெட்டி சாதித்தது. 1993 நவம்பரில் ஸ்டேட்டன் தீவு மக்களிடம் நியூயார்க் மாநகரத்தை விட்டுப் பிரியலாமா என்று கேட்டார்கள். 65 சதவீதத்தினர் பிரியலாம் என்றனர். மாநிலச் சட்டமன்றத்தில் அது மேலே நகரவில்லை. ஆனால் அதே நாள் நடந்த மேயர் தேர்தலில் அந்தத் தீவின் வாக்கால் கரையேறியவர் ரூடி ஜூலியானி. கடனைத் தீர்க்க வேண்டிய வேளை வந்தது. 1996 மே மாதம் மேயர் ஜூலியானி, ஆளுநர் ஜார்ஜ் படாக்கி, தீவின் தலைவர் கை மாலினாரி மூவரும் கூடி அறிவித்தார்கள்: 2001 முடிவதற்குள் ஃபிரெஷ் கில்ஸ் மூடப்படும். மூவரும் ஒரே கட்சி. அடுத்து இந்தக் குப்பையை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு அன்று அவர்களிடம் முழு விடை கிடையாது. 2001 மார்ச் 22இல் கடைசிப் படகு வந்தது. மூன்று ஆண்டு என்று சொன்னது, 53 ஆண்டில் முடிந்தது.

முடிந்ததா என்ன?

ஆறு மாதம் நிறைவதற்குள் வாயிற்கதவு மறுபடி திறந்தது. செப்டம்பர் 11 தாக்குதலில் சரிந்த உலக வர்த்தக மையக் கோபுரங்களின் இடிபாட்டைப் பிரித்துப் பார்க்க விசாலமான, காவல் போடக்கூடிய, படகு வந்துசேரும் இடம் வேண்டியிருந்தது. மேற்குக் குன்றின் மேல் பத்து லட்சம் டன்னுக்கும் அதிகமான இடிபாடு வந்து இறங்கியது. காவலர்களும் துப்பறிவாளர்களும் துப்புரவுத் துறையினரும் பத்து மாதம் அதைச் சலித்தார்கள். கால் அங்குலச் சல்லடைவரை போட்டுச் சலித்து, 4,257 மனித உடற்பகுதிகளைக் கண்டெடுத்தார்கள். மோதிரமும் அடையாள அட்டையுமாக ஆயிரக்கணக்கான உடைமைகள் கிடைத்தன. சல்லடைக்குக் கீழே விழுந்த தூள் அங்கேயே தங்கியது. அதில் தங்கள் உறவினரும் கலந்திருப்பார்கள், குப்பைமேட்டிலிருந்து எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்யுங்கள் என்று குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. மூடப்பட்ட ஒரு குப்பைக்கிடங்கு இப்படி ஒரு கல்லறையாகவும் ஆகும் என்று எந்த மூடல் திட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

குப்பைமேட்டை மூடுவது பூட்டுப் போடும் வேலை அல்ல, கூரை போடும் வேலை. முதலில் குன்றின் சரிவைச் சீராக்குகிறார்கள். நீர் தேங்கினாலும் ஆபத்து, செங்குத்தாக இருந்து சரிந்தாலும் ஆபத்து. பிறகு வாயு சேரும் அடுக்கு, அதன் மேல் நீர் புகாத கனமான பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் மழைநீரை வழித்தோடச் செய்யும் அடுக்கு, அதற்கும் மேல் இரண்டடிக்குக் குறையாத மண், பிறகு புல். விரிப்பை ஊடுருவிக் கிணறுகள் வாயுவை உறிஞ்சுகின்றன. சுத்திகரித்த மீத்தேன் எரிவாயு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, ஸ்டேட்டன் தீவின் சுமார் 22,000 வீடுகளுக்கு வெப்பம் தரும் அளவுக்கு ஒரு காலத்தில் கிடைத்தது. குப்பைக்கு வயதாக ஆக வாயு குறைகிறது. வருமானம் வற்றினாலும் குழாயும் பம்பும் ஓடியே ஆக வேண்டும். மூடிய பின் குறைந்தது முப்பது ஆண்டு கண்காணிக்க வேண்டும் என்கிறது விதி. முப்பது என்ற எண்ணை வேதியியல் சொல்லவில்லை, சட்டம் எழுதியவர்கள்தான் சொன்னார்கள். உள்ளே இருக்கும் குப்பைக்கு அந்தச் சட்டம் தெரியாது. வடக்கு, தெற்குக் குன்றுகளின் கூரை 1990களிலேயே முடிந்தது. கிழக்குக் குன்று 2011இல் முடிந்தது. இடிபாட்டைத் தாங்கிய மேற்குக் குன்று கடைசி.

மேலே வரப்போவது பூங்கா. 2001இல் போட்டி அறிவித்தார்கள். 2003இல் ஜேம்ஸ் கார்னரின் ஃபீல்டு ஆப்பரேஷன்ஸ் தேர்வானது. சென்ட்ரல் பார்க்கைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்பு. முழுதாக முடிவதற்கு 2036 ஆகும் என்பது திட்டக் கணக்கு. 2012இல் நாணலை மேய்ந்து தீர்க்க இருபது ஆடுகளைக் கொண்டுவந்தார்கள். கோடிக்கணக்கில் செலவான பொறியியலுக்கு நடுவே அந்த ஆடுகள்தான் கணக்கில் மலிவு. குன்றுகளின் மேல் பரந்த புல்வெளி அமைந்ததால், அந்த வட்டாரத்தில் அரிதாகிவிட்ட வெட்டுக்கிளிச் சிட்டு என்ற சின்னஞ்சிறு பறவை 2015 முதல் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கிறது. விரிப்பு கிழியக் கூடாது, அதனால் பெருமரங்கள் இல்லை, அதனால் புல்வெளி, அதனால் பறவை. திட்டமிட்டு வந்த அழகு என்று சொல்ல முடியாது. இருந்தாலும் வந்துவிட்டது. சதுப்பு திரும்பி வரவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 225 அடி உயரத்தில் நண்டு ஏறாது.

துப்புரவுத் துறையில் 1977 முதல் ஊதியமில்லாத கலைஞராக இருந்து வரும் மியர்ல் லேடர்மன் யூக்கலெஸ், 1979–80இல் நகரத்தின் சுமார் 8,500 துப்புரவுப் பணியாளர்கள் ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கைகுலுக்கி நன்றி சொன்னவர். அதையே கலை என்றார். பராமரிப்பு என்பது முடிவில்லாத வேலை, அதைச் செய்பவரை யாரும் பார்ப்பதில்லை என்பது அவர் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருவது. பூங்காவிலும் அவருக்கு ஒரு படைப்பைச் செய்யும் பொறுப்பு தரப்பட்டது. பம்புகளை இயக்குபவர்கள் அவருடைய பேச்சை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

மூடிய பிறகு நியூயார்க்கின் குப்பை காற்றில் கரைந்துவிடவில்லை. லாரியிலும் ரயிலிலும் பென்சில்வேனியாவுக்கும் வர்ஜீனியாவுக்கும் போயிற்று. மூடுவதற்கு முன்பே, 1999இல், மேயர் ஜூலியானி, வெளிமாநிலத்தார் நியூயார்க்குக்கு வந்து அதன் கலாச்சாரத்தை அனுபவிக்கிறார்கள், பதிலுக்குக் குப்பையை ஏற்பது நியாயம்தான் என்ற பொருளில் பேசினார். வர்ஜீனியா ஆளுநர் ஜிம் கில்மோருக்குச் சுருக்கென்றது, கடுமையாக மறுத்தார். வாஷிங்டனும் ஜெஃபர்சனும் பிறந்த மண்ணை யாருடைய குப்பைக்கூடையாகவும் ஆக்க அவருக்கு மனமில்லை.

2023 அக்டோபரில் வடக்குப் பகுதியில் பூங்காவின் 21 ஏக்கர் திறக்கப்பட்டது. சைக்கிள் நிறுத்துமிடம், பறவை பார்க்கும் கோபுரம், சதுப்பின் மிச்சத்தை நோக்கி ஒரு மேடை. அதே வளாகத்தின் இன்னொரு மூலையில் 2006 முதல் குப்பை மாற்று நிலையம் ஒன்று இயங்குகிறது. ஸ்டேட்டன் தீவின் வீட்டுக் குப்பை அங்கே அமுக்கப்பட்டு, பெட்டகங்களில் அடைக்கப்பட்டு, ரயிலேறித் தென் கரோலினாவில் இருக்கும் ஒரு கிடங்குக்குப் போகிறது.